பெற்றோர் வந்தால் போதுமா?

அமெரிக்கக் கல்வி உலகில் இடதுசாரி, வலதுசாரி வேறுபாடின்றி எல்லோரும் தலையாட்டும் கருத்து ஒன்று உண்டு: பெற்றோர் பள்ளிக்கு வந்துபோனால் பிள்ளை நன்றாகப் படிக்கும். சட்டமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்காகக் கூட்டாட்சி அரசு தரும் ‘டைட்டில் ஒன்’ நிதியில் 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் பள்ளி மாவட்டம், குறைந்தது 1 விழுக்காட்டைப் பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்கியாக வேண்டும். கலிபோர்னியாவில் ஆங்கிலம் கற்கும் நிலையிலுள்ள பிள்ளைகள் 21 பேர் இருந்தாலே அந்தப் பள்ளியில் அவர்களுடைய பெற்றோருக்குத் தனி ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும். மாணவர்களில் 15 விழுக்காட்டினர் ஆங்கிலமல்லாத ஒரே மொழியைப் பேசுபவர்களானால், வீட்டுக்கு அனுப்பும் கடிதங்கள் எல்லாம் அந்த மொழியிலும் போக வேண்டும்.

ஏட்டளவில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பெற்றோர் பங்கேற்பு என்ற இந்த நாணயத்தை உரசிப் பார்க்க ஏற்ற கல் ஒன்று இருக்கிறது. ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் ஏறத்தாழ சரிபாதியாகப் பாடமொழியாக உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிதான் அது. இரு வேறு வர்க்கங்களைச் சேர்ந்த, இரு வேறு மொழி பேசும் பெற்றோர் ஒரே வகுப்பறை வாசலில் நிற்கும் இடம் அந்நாட்டில் இதுபோல வேறு அதிகமில்லை.

இத்தகைய பள்ளிக்கு அறுபதாண்டு வரலாறு உண்டு. காஸ்ட்ரோவின் புரட்சிக்குப் பிறகு மியாமியில் வந்திறங்கிய கியூபா நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து, ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1963இல் கோரல் வே தொடக்கப் பள்ளியில் அரைநாள் ஆங்கிலம், அரைநாள் ஸ்பானியம் என்று தொடங்கினார்கள். 1971இல் வாஷிங்டன் நகரின் ஆய்ஸ்டர் பள்ளி அதே வழியில் வந்தது. அங்கே முன்முயற்சி எடுத்தவர்களில் பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள். ஏற்பாட்டின் அழகு எளிமையானது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தாய்மொழி, பாதிப் பேருக்கு ஸ்பானியம். காலையில் ஒருவன் திணறுவான், மற்றவன் கைகொடுப்பான். மதியம் இடம் மாறும். பிள்ளைகளிடையே இந்தச் சமநிலை ஓரளவு நிகழ்கிறது.

பெற்றோரிடையே நிகழ்வதில்லை. ஒரு சாரார் தம் பிள்ளைக்கு இரண்டாவது மொழி கூடுதல் சொத்தாகட்டும் என்று விண்ணப்பித்து, குலுக்கலில் இடம் பிடித்து வந்தவர்கள். மறு சாராரில் பலருக்கு அது பக்கத்துப் பள்ளி. தங்கள் மொழி பேசும் ஆசிரியர் இருக்கும் பள்ளி. முதல் சாராருக்குத் திட்டம் பிடிக்காவிட்டால் போக வேறு இடம் உண்டு. அந்த ஒன்றே கூட்டத்தில் யார் சொல் ஏறும் என்பதை நிர்ணயிக்கப் போதுமானது.

இத்தகைய பள்ளிகளில் வழக்கமாகக் காணும் காட்சி இது. காலை எட்டரை மணி, தலைமை ஆசிரியருடன் காபி. நூலக அறையில் வட்டமாக நாற்காலிகள். வாசலருகே ஒரு மேசையில் வருகைப் பதிவுத்தாள், அதனருகே ஒரு பெட்டி நிறைய ஹெட்போன்கள். ஸ்பானியம் பேசுபவர்கள் ஆளுக்கொன்றை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். மூலையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் ஒரு தந்தை நகைச்சுவையாக ஏதோ சொல்கிறார். அறையில் பாதி சிரிக்கிறது. சில நொடி தாமதமாக மற்றப் பாதி புன்னகைக்கிறது. அதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. ஹெட்போன் மாட்டியவர் கேள்வி கேட்க வேண்டுமென்றால் கையைத் தூக்கி, ஸ்பானியத்தில் சொல்லி, அது ஆங்கிலமாகும்வரை எல்லோரும் தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இருமொழிப் பள்ளி என்று வாசலில் பலகை இருக்கிறது. கூட்டம் மட்டும் ஒருமொழிக் கூட்டம். சில பள்ளிகளில் இதைத் தலைகீழாக்கி, கூட்டத்தை ஸ்பானியத்தில் நடத்தி, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களிடம் ஹெட்போனைக் கொடுக்கிறார்கள். செலவு ஒரு காசும் கூடவில்லை. முன்பு ஆங்கிலத்தில் நகைச்சுவை சொன்னவர் இப்போது தாமதமாகப் புன்னகைக்கிறார், அவ்வளவுதான்.

சரி, பெற்றோர் வந்துபோவதால் பிள்ளையின் படிப்பு உயர்கிறது என்பதற்குச் சான்று என்ன? இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன் வகுத்த ஆறு வகைப் பங்கேற்பு: பிள்ளை வளர்ப்பு, தகவல் பரிமாற்றம், தன்னார்வப் பணி, வீட்டில் கற்றல், முடிவெடுத்தல், சமூகத்தோடு கூட்டு. நிர்வாகிகளுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆறு கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு குறியிட்டால் ஆண்டறிக்கை தயார். ஆனால் ஆறும் ஒரே எடையுடையவையல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் ஃபேன், சென் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை மேலே படிக்கும் என்ற பெற்றோரின் எதிர்பார்ப்புக்கே தேர்ச்சியோடு வலுவான தொடர்பு இருந்தது. வீட்டில் உட்கார்ந்து கண்காணிப்பதற்கு மிக மெலிந்த தொடர்பே இருந்தது. 2014இல் கீத் ராபின்சன், ஏஞ்சல் ஹாரிஸ் இருவரும் எழுதிய நூல் இன்னும் கடுமையானது. சுமார் முப்பதாண்டுக் காலத் தேசிய ஆய்வுத் தரவுகளில் 63 வகைப் பங்கேற்பைச் சோதித்து, பெரும்பாலானவற்றுக்கு மதிப்பெண்ணோடு தொடர்பே இல்லை, வீட்டுப்பாடத்துக்கு உதவுவது போன்ற சிலவற்றுக்கு எதிர்மறைத் தொடர்புகூட இருக்கிறது என்றார்கள்.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் பங்கேற்பே வீண் என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள் என்பது என் கருத்து. பெற்றோர் சொன்ன பதிலை வைத்துக் கணக்கிடும் ஆய்வில் காரணம் எது, விளைவு எது என்று பிரிப்பது கடினம். பள்ளிக்கு எத்தனை முறை போனீர்கள் என்ற கேள்வி, போய் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. ஒரு தாய் கேக் விற்பனையில் நின்றிருக்கலாம். இன்னொருத்தி மகளுடைய வாசிப்பு நிலை ஏன் இறங்கியது என்று ஆசிரியரிடம் வாதாடியிருக்கலாம். இரண்டும் தரவில் ஒரே ‘1’. ஆனாலும் அந்த நூல் ஒன்றை உறுதியாக்கிவிட்டது: வருகைப் பதிவுத்தாளைக் காட்டி, பார், தேர்ச்சி உயரும் என்று இனி எந்தப் பள்ளியும் வாக்குக் கொடுக்க முடியாது.

வராத பெற்றோரைப் பற்றிய தீர்ப்பு இதைவிடப் பழையது, இதைவிடக் கொடியது. அக்கறை இல்லை என்பதே அது. ஆனெட் லரூ 1989இல் வெளியிட்ட நூலில் கலிபோர்னியாவின் இரண்டு பள்ளிகளை அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்றில் உழைக்கும் வர்க்கத்தார், மற்றதில் வசதியான நடுத்தர வர்க்கத்தார். கல்வியின் மீதான மதிப்பில் வேறுபாடில்லை. ஆனால் முதல் சாரார் மருத்துவரிடம் பிள்ளையை ஒப்படைப்பதுபோல் ஆசிரியரிடம் ஒப்படைத்து ஒதுங்கினார்கள். மறு சாரார் ஆசிரியரைத் தமக்குச் சமமானவராகவோ ஒருபடி கீழாகவோ கருதித் தலையிட்டார்கள். பள்ளி எந்தப் பழக்கத்தை ‘அக்கறை’ என்று எண்ணியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குவாதலூப் வால்டெஸ் 1996இல், எல்லைப் பகுதியில் குடியேறிய மெக்சிகோ வழிக் குடும்பங்கள் பத்தைப் பற்றி எழுதியபோது, பெரியவருக்கு மரியாதை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, சொன்ன சொல் கேட்பது என அந்தத் தாய்மார்கள் ஓயாமல் கற்பித்துக்கொண்டிருந்ததைக் காட்டினார். பள்ளியின் கண்ணில் அது பங்கேற்பாகவே படவில்லை. அடுத்த ஆண்டே இருமொழி வகுப்புகள் குறித்தும் அவர் ஓர் எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார். வசதியானவர்களின் பிள்ளைகளுக்கு ஸ்பானியம் வாய்ப்பதற்காக, ஏழைப் பிள்ளைகளுக்கான வகுப்பின் தரமும் வேகமும் வளைந்துகொடுக்கக் கூடும் என்பது அவர் அச்சம். இருமொழிக் கல்வியை ஆதரித்தவர் கையிலிருந்து வந்ததால் அது பலருக்கும் கசந்தது. பின்னாளைய நடப்புகள் அவர் பக்கமே நிற்கின்றன.

வராமைக்கு வேறு காரணங்களும் உண்டு; அவை உளவியல் சார்ந்தவையல்ல, காகிதம் சார்ந்தவை. வகுப்பறையில் உதவ வரும் தாயிடம் பல மாவட்டங்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் விரல்ரேகைப் பதிவும் கேட்கின்றன. பிள்ளைகளின் பாதுகாப்புக்குத்தான். குடியேற்ற ஆவணம் இல்லாத ஒருத்திக்கு விரல்ரேகை என்ற சொல் போதும், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்வதை மட்டுப்படுத்திய வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் புதிய அரசு விலக்கிக்கொண்டபின், வாசல்வரை வந்து பிள்ளையை விட்டுப்போவதுகூட யோசிக்க வேண்டிய காரியமாயிற்று. இந்த நிலையில் வருகையை அளவுகோலாக்குவது, ஆவணம் உள்ளவரையும் இல்லாதவரையும் தரம் பிரிப்பதாகவே முடியும்.

பணத்துக்கு வருவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நிதி திரட்டுவது அமெரிக்கப் பொதுப் பள்ளியின் ஊறிய பழக்கம். கலப்புப் பள்ளியில் அது என்ன செய்கிறது என்பதை 2020இல் வெளிவந்த ‘நைஸ் வைட் பேரன்ட்ஸ்’ ஒலித்தொடர் அம்பலமாக்கியது. புரூக்ளினில் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் மிகுந்த ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வெள்ளையினப் பெற்றோர் கூட்டமாக வந்தார்கள். பிரெஞ்சு இருமொழி வகுப்பு வேண்டும் என்றார்கள், அதற்குத் தாங்களே நிதியும் திரட்டினார்கள். ஏற்கெனவே இருந்த பெற்றோர் சங்கத்துக்குத் தன் பள்ளியில் நடப்பது தாமதமாகத்தான் தெரிந்தது. யாரும் தீய எண்ணத்தோடு நடக்கவில்லை. அதனால்தான் அந்தக் கதை உறுத்துகிறது. தொடக்கப் பள்ளி அல்ல, பிரெஞ்சு வேறு ஸ்பானியம் வேறு என்று தள்ளிவிடலாம். அதன் இயக்கம் அதேதான்.

இதில் நேரடியாகக் கைவைத்த மாவட்டம் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா-மாலிபு. ஸ்பானிய இருமொழிப் பள்ளியான எடிசன் லாங்குவேஜ் அகாடமியும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியின் சங்கமும் தன் பணத்தில் தன் பள்ளிக்கு மட்டும் பணியாளர்களை அமர்த்துவதை 2011இல் முடிவுக்குக் கொண்டுவந்து, அதற்கான நிதியை மாவட்டம் முழுமைக்கும் பொதுவாகத் திரட்டத் தீர்மானித்தார்கள். வசதி மிகுந்த மாலிபுவில் கொதிப்பு எழுந்தது. தனி மாவட்டமாகப் பிரிந்துபோக வேண்டும் என்ற அங்குள்ளோரின் கோரிக்கைக்கு இதுவும் எண்ணெய் ஊற்றியது. பொதுநிதியானால் நன்கொடை குறையும் என்ற வாதம் பொய்யல்ல. இருந்தாலும் என் கை பொதுநிதிக்கே உயர்கிறது. ஒரு பள்ளியில் உதவி ஆசிரியர் இருப்பதும் இல்லாததும் அந்த வட்டாரத்துத் தாய்தந்தையர் எழுதும் காசோலையைப் பொறுத்தது என்றால், அதைப் பொதுப் பள்ளி என்று அழைப்பதில் பொருளில்லை.

இங்கே தமிழர்களைப் பற்றியும் ஒரு வரி. கலிபோர்னியாவில் கணினித் துறையில் இருக்கும் நம்மவர்களிலும் பிள்ளையை ஸ்பானிய, சீன இருமொழி வகுப்பில் சேர்ப்பவர்கள் உண்டு. பள்ளியின் பன்முகத்தன்மைக் கணக்கில் அவர்கள் ஒரு வண்ணம் சேர்க்கிறார்கள். ஹெட்போன் வழங்கும்போது மட்டும், ஆங்கிலம் பேசுவோரின் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, சரி, ஏழைப் பெற்றோரின் குரலை ஏற்றிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு முள் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில், ஆடைத் தொழிற்கூடங்களில் வேலைசெய்த குடியேறிகளின் பிள்ளைகள் படித்த நைன்த் ஸ்ட்ரீட் பள்ளி. 1996இல் அந்தப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். ஸ்பானியத்தில் கற்பித்தது போதும், ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள் என்பது கோரிக்கை. பெற்றோர் பங்கேற்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இருக்க முடியாது. அதைக் கையில் எடுத்துக்கொண்டார் ரான் அன்ஸ் என்ற மென்பொருள் தொழிலதிபர். 1998 ஜூனில் அவர் முன்னின்று மாநில மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த 227ஆம் முன்மொழிவு 61 விழுக்காடு வாக்கில் வென்று, கலிபோர்னியாவில் இருமொழிக் கல்வியைப் பெருமளவு சுருட்டிவைத்தது. லத்தீன் வாக்காளர்களில் பெரும்பான்மையோர் அதை எதிர்த்து வாக்களித்திருந்தார்கள்.

அந்தச் சட்டத்தின் நுணுக்கம் கவனிக்கத் தக்கது. இருமொழி வகுப்பு வேண்டுமென்றால் பெற்றோர் தாமே நேரில் பள்ளிக்கு வந்து விலக்குக் கோர வேண்டும். அப்போதும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை முதலில் முப்பது நாள் ஆங்கில வகுப்பில் இருந்தாக வேண்டும். ஒரு வகுப்பில் இருபது பேருக்கு விலக்குக் கிடைத்தால்தான் பள்ளிக்கு அந்த வகுப்பை நடத்தும் கட்டாயம். பெற்றோரின் வருகை என்ற நல்ல சொல்லையே தடுப்புச் சுவராகக் கட்டிய சட்டம் அது. விவரம் தெரிந்த, விடுப்பு எடுக்க முடிந்த பெற்றோர் உள்ள இடங்களிலும், பெற்றோரைத் தேடிப்போய்ச் சொன்ன பள்ளிகளிலும் இருமொழி வகுப்பு பிழைத்தது. மற்ற இடங்களில் போயிற்று. 2016 நவம்பரில் 58ஆம் முன்மொழிவு அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை நீக்கியது, ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஆதரவோடு.

நைன்த் ஸ்ட்ரீட் பெற்றோரை ஏமாந்தவர்கள் என்று சொல்லிக் கடந்துபோவது இருமொழிக் கல்வி ஆதரவாளர்களின் வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. ஆண்டுகள் கடந்தும் பிள்ளைக்கு ஆங்கிலம் படிக்க வரவில்லை என்று அவர்கள் சொன்னது புகார். பொறுங்கள், தாய்மொழியில் வேரூன்றினால் ஆங்கிலம் தானே வரும் என்பது பதில். அந்தப் பதில் கோட்பாட்டளவில் சரி. ஆனால் தன் மகன் இரண்டு மொழியிலும் எந்த நிலையில் இருக்கிறான் என்பதைக் காட்டாமல் பொறுக்கச் சொன்னால் எந்தத் தாய் பொறுப்பாள்? கற்பிக்கும் முறையை வாக்கெடுப்பில் தீர்மானிக்கக் கூடாது. அதே சமயம் கணக்குக் காட்டாத பள்ளிக்கு நம்பிக்கையைக் கோரும் உரிமையும் இல்லை.

எதிர்த்தட்டில் வைக்கத் தக்கது சிகாகோ. 1988இல் இல்லினாய் சட்டமன்றம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் உள்ளூர்ப் பள்ளி மன்றத்தைக் கொடுத்தது. தொடக்கப் பள்ளி மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோர் ஆறு பேர். தலைமை ஆசிரியரின் நான்காண்டு ஒப்பந்தம் அவர்கள் கையில். வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை. நம் ஊரில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்றாலும், தலைமை ஆசிரியரை வைப்பதும் மாற்றுவதும் அவர்கள் அதிகாரத்தில் இல்லை. அந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் சிகாகோவின் துணிச்சல் விளங்கும். பிற்காலத்தில் அங்கும் உற்சாகம் வற்றியது. பல மன்றங்களில் போட்டியிடவே ஆளில்லாமல் போயிற்று.

அதே நகரின் லோகன் ஸ்கொயர் பகுதியில், அக்கம்பக்கத்தார் சங்கம் ஒன்று 1995இல் ஃபன்ஸ்டன் தொடக்கப் பள்ளியோடு சேர்ந்து இன்னொன்றைச் செய்தது. பெரும்பாலும் ஸ்பானியம் பேசும், வேலையில்லாத தாய்மாரை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம், திங்கள் முதல் வியாழன்வரை. வெள்ளிக்கிழமை அவர்களுக்கே பயிற்சி. சொந்தப் பிள்ளையின் வகுப்பில் அல்ல, வேறு வகுப்பில். 100 மணி நேரம் முடித்தால் ஊக்கத்தொகை. சின்ன விதிகளாகத் தெரியும் இவற்றில்தான் சூட்சுமம். சம்பளம் போல ஒரு தொகை இருந்ததால் அந்தத் தாய் தயவுக்கு வந்தவள் அல்ல, வேலைக்கு வந்தவள். வேறு பிள்ளைகளோடு உட்கார்ந்ததால் தன் பிள்ளைக்குச் சலுகை கேட்பவளாக இல்லாமல், ஒரு வகுப்பு எப்படி நடக்கிறது என்று அறிந்தவளானாள். ஆசிரியருக்கும் ஒரு பாடம் கிடைத்தது: அக்கறையில்லாதவர்கள் என்று நினைத்தவர்கள் மூலை மேசையில் இரண்டு பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தருவதை அவர் தினமும் பார்த்தார். பலர் பின்னர் பள்ளி மன்றத்துக்குப் போட்டியிட்டார்கள், சிலர் கல்லூரிக்குப் போய் ஆசிரியரானார்கள். திட்டம் மாநிலமெங்கும் பரவியது.

இதையும் கறாராகவே எடைபோட வேண்டும். பிள்ளைகளின் மதிப்பெண்ணை இது மட்டுமே உயர்த்தியது என்று காட்டும் வலுவான சோதனை ஆய்வு இதற்கில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இரண்டு ஷிஃப்ட் வேலைபார்க்கும் தந்தை இதிலும் வெளியேதான். ஆந்தனி பிரைக் குழுவினர் 1990களின் சிகாகோ பள்ளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட நூல் இங்கே நல்ல கடிவாளம். தலைமை, ஆசிரியர் திறன், பெற்றோர்-சமூக உறவு, பள்ளிச் சூழல், பாடம் கற்பிக்கும் முறை ஆகிய ஐந்தில் பெரும்பாலானவற்றில் வலுவாக இருந்த பள்ளிகள், பலவீனமானவற்றைவிடக் கணக்கிலும் வாசிப்பிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காண்பதற்குப் பத்து மடங்கு வாய்ப்புப் பெற்றிருந்தன. பெற்றோர் உறவு அந்த ஐந்தில் ஒன்று. தனியாக நின்றால் அது பள்ளியைத் தூக்கி நிறுத்தாது.

ஆகவே என் முடிவு இது. இருமொழிப் பள்ளியில் பெற்றோர் பங்கேற்பு என்ற பெயரில் இன்று எண்ணப்படுவதில் பெரும்பகுதி பள்ளியின் வசதிக்கானது. ஏற்கெனவே குரல் உள்ளவர்களின் குரலை உயர்த்துவது. அதை ஊக்குவிக்கப் பொதுப்பணம் செலவழிப்பது வீண் மட்டுமல்ல, கெடுதலும்கூட. பொதுப்பணத்துக்குத் தகுதியானது, பெற்றோருக்கு ஒரு தகுதியைக் கொடுத்து உள்ளே அழைக்கும் ஏற்பாடு: ஊதியமோ, வாக்கோ, வகுப்பறையில் ஒரு பொறுப்போ. வரமுடியாதவர்களிடம் பள்ளி போக வேண்டும். 1998இல் சாக்ரமென்டோவில் தொடங்கிய வீட்டு வருகைத் திட்டத்தில் ஆசிரியர்கள் இருவர் இருவராக, அதற்கென ஊதியம் பெற்று, குற்றம் சொல்ல அல்லாமல் பிள்ளையைப் பற்றிக் கேட்டறியப் போகிறார்கள். டைட்டில் ஒன்னின் அந்த 1 விழுக்காட்டை இதற்கும் லோகன் ஸ்கொயர் முறைக்கும் திருப்பலாம், சட்டம் தடுக்கவில்லை. கூட்டம் ஸ்பானியத்தில் நடக்கட்டும். மதிப்பெண் உயரும் என்ற வாக்கை மட்டும் யாரும் கொடுக்க வேண்டாம்.

இதிலும் தீராத ஒன்று இருக்கிறது, வாடகை. லோகன் ஸ்கொயர் பகுதி வசதியானவர்களைக் கவரத் தொடங்கி வாடகை ஏறியபோது, பயிற்சி பெற்ற தாய்மார் பலர் குடும்பத்தோடு வெளியேற நேர்ந்தது. பள்ளிகளில் சேர்க்கை சரிந்தது. தாய்மாரை வகுப்பறைக்குள் கொண்டுவந்த அந்தச் சங்கம் வீட்டு வசதிக்கான போராட்டத்திலும் இறங்கியது. லோகன் ஸ்கொயர் ரயில் நிலையத்தை ஒட்டிய மாநகராட்சி நிலத்தில் குறைந்த வாடகைக்கென 100 குடியிருப்புகள் கட்டவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர்களில் அந்தச் சங்கத்தாரும் இருந்தார்கள். 2022இல் அங்கே குடும்பங்கள் குடியேறின.